முன்னால் போகிறவன்

இங்கே காலையில் காபி குடித்த கையோடு நாங்கள் பார்ப்பது, இன்றைக்குப் புதைந்துபோனால் நம்மைக் கண்டுபிடிக்க முடியுமா என்பதைத்தான். கனடாவின் மலை ஊர் ஒன்றில் ஸ்னோமொபைல் என்ற பனிவண்டியில் சுற்றுலா வருபவர்களுக்கு வழிகாட்டும் வேலைக்குப் பயிற்சி எடுக்கிறேன். எங்கள் ஒவ்வொருவர் மார்பிலும் பீக்கன் என்றொரு சிறு பெட்டி. பனிக்கடியில் கிடந்தாலும் ஆள் இங்கேதான் என்று அது மேலே இருப்பவர்களுக்குக் காட்டிக்கொடுக்கும். எல்லோருடைய பெட்டியும் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுப்போம். நன்னிலத்து வெயிலில் வளர்ந்தவனுக்கு இது தேவையா என்று நீங்கள் சிரிக்கலாம். முதல் வாரம் நானும் சிரித்தேன்.

வண்டி ஓட்டத் தெரிந்தால் போதும் என்று நினைத்துத்தான் சேர்ந்தேன். பனிச்சரிவு வகுப்பு, காட்டில் முதலுதவி, நடுமலையில் வண்டியின் பெல்ட் அறுந்தால் மாற்றுவது, பனியை வெட்டி அடுக்குகளைப் பார்த்து இந்தச் சரிவு தாங்குமா என்று சொல்வது என்று பாடம் நீண்டுகொண்டே போனது. அதிலெல்லாம் எப்படியோ தேறிவிட்டேன். புதுப்பனியைக் கண்டால் மட்டும் என்னை அறியாமல் வண்டியை நிறுத்தி, கால் வைத்துப் பார்க்க இறங்கிவிடுவேன். இடுப்புவரை புதைவேன். அகலமான பட்டையில் ஓடும் வண்டி பனிமேல் நிற்கும், மனிதன்தான் அமிழ்வான். வண்டியைக் கண்டு பயமா என்று பயிற்சியாளர் ஹெலன் கேட்டார். இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. இன்னொரு முறை இறங்கினால் சான்றிதழ் கிடையாது என்று சொல்லிவிட்டார். இந்த வேலையை விட்டால் எனக்கு இங்கே வேறு பிடிமானம் இல்லை.

ஊரில் சேற்றுழவின்போது அண்ணன் டிராக்டர் ஓட்டுவார், நான் முன்னால் நடப்பேன். பழைய குட்டையைத் தூர்த்த வயல் அது. ஆளை இழுக்கும் உளை எங்கே இருக்கிறதென்று கால்தான் சொல்லும். முழங்காலுக்கு மேல் இறங்கினால் கையைத் தூக்குவேன். வராதே என்று அர்த்தம். அவர் திருப்பிக்கொள்வார். "நீ முன்னாடி போறப்ப எனக்கென்னடா பயம்" என்பார். நான் இங்கே வந்த பிறகு முன்னால் நடக்க அவர் யாரையும் வைத்துக்கொள்ளவில்லை. போன சம்பாவில் பின்சக்கரம் உளையில் மாட்டி, முன்பக்கம் தூக்கி, டிராக்டர் அவர்மேல் கவிழ்ந்தது. சேற்றைத் தோண்டி எடுப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நான் ஊர் போய்ச் சேர்ந்தபோது தகனமும் காடாத்தும் முடிந்திருந்தன. அவர் முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை. அந்தத் துக்கம் இன்னும் ஆறவில்லை.

தேர்வுக்கு முந்தின நாள் அண்ணி போனில், அங்கே என்ன வேலை தம்பி என்று கேட்டார். முன்னால் போய்த் தரை தாங்குமா என்று பார்க்கிற வேலை என்றேன்.

"உங்க அண்ணனுக்குச் செஞ்ச வேலதானே தம்பி. யாரு பெத்த புள்ளைங்களோ, பாத்துக் கூட்டிட்டுப் போங்க."

மறுநாள் நான் இறங்கவில்லை. சரிவைத் தனியாகக் கடந்து, மறுபக்கம் நின்று திரும்பிப் பார்த்தேன். இங்கே வழிகாட்டி கையைத் தூக்கினால், வரலாம் என்று அர்த்தம். பின்னால் வண்டிகள் எனக்காகக் காத்து நின்றன. என் கை எழவில்லை. ஹெலன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தூக்கினேன். ஒருவர்பின் ஒருவராக எல்லோரும் பத்திரமாக வந்து சேர்ந்தார்கள். தேர்ச்சி என்று ஹெலன் தோளில் தட்டினார். கடைசி வண்டி வந்த பிறகும் நான் கையை இறக்காமல், வெறும் சரிவைப் பார்த்து நின்றேன், வராதே அண்ணா என்று.