ஷெர்லினின் மூன்றாம் பகுதி

எங்கள் போடியில் ஒருத்தி சிம்பொனி எழுதினாள் என்றால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். என் ஏலக்காய்க் கடையில் வேலை பார்க்கும் ஷெர்லின்தான் எழுதினாள். அதில் நான் கடைசி வரிசையில் நின்று பாடினேன். எனக்குச் சுருதி சேராது என்பது ஊரறிந்த விஷயம். "அண்ணே, நீங்க வாயை மட்டும் அசைங்க, போதும்" என்று அவளே சொல்லியிருக்கிறாள்.

அவள் சர்ச்சில் கீபோர்டு வாசிக்கிறவள். புருஷன் சாம், குரங்கணியிலிருந்து எஸ்டேட்டுகளுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் டிரைவர். ஒரு ஐப்பசி மழையில், ஆட்களை இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு திரும்பும்போது மண் சரிந்து ஜீப்போடு போய்விட்டான். தேடப் போனவர்களோடு ஷெர்லினும் மேலே போனாள். மூடுபனிக்குள் பள்ளத்தைப் பார்த்து அவனைக் கூப்பிட்டுக்கொண்டே நின்றாள். பதில் வரவில்லை. அடக்கத்தன்றுகூட அவள் அழவில்லை. எங்களுக்கெல்லாம் அதுதான் பயமாக இருந்தது.

அழாதவள் எழுத உட்கார்ந்தாள். இரண்டு வயலின், ஆர்மோனியம், கீபோர்டு, மீதியெல்லாம் மனிதக் குரல். சர்ச் பாடகர் குழு போதாதென்று, சாமின் ஜீப்பில் போய்வந்த ஏலக்காய் பறிக்கும் பெண்களையும் சேர்த்துக்கொண்டாள். நாலு பகுதிகள். முதலாவது துதி, இரண்டாவது மழை. மூன்றாவதில் ஒரே ஒரு குரல் கடவுளைக் கூப்பிடும். பிறகு எல்லாம் நின்று, நெடுநேரம் மௌனம்.

போதகருக்கு அது பிடிக்கவில்லை. "அந்த எடத்துல ஒரு அல்லேலூயா வச்சிரும்மா. சனங்க ஆறுதலோட வீட்டுக்குப் போகணும்ல."

"எனக்குப் பதில் வரலைங்கய்யா. வந்ததா எப்படி எழுதுவேன்?"

மௌனத்தைத் தொட்டால் நிகழ்ச்சியே வேண்டாம் என்றாள். தான் நின்ற இடத்தில் ஊரும் ஒரு தடவை நின்று பார்க்க வேண்டும், அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். ஒத்திகையில் அந்த இடம் வரும்போதெல்லாம் கையசைத்துத் தாண்டிவிடுவாள். "அதை அன்னைக்கு நானே பாடிக்கிறேன்" என்பாள். நாங்களும் கிளறவில்லை.

புனித வெள்ளி சாயங்காலம் சர்ச் நிறைந்திருந்தது. முதல் இரண்டு பகுதிகளையும் நான் உட்பட எல்லோரும் ஒழுங்காகவே பாடினோம். பிறகு ஷெர்லின் எங்களுக்கு முதுகைக் காட்டி, வாசல் பக்கம் திரும்பி, "ஓ..." என்று இழுத்துக் கூப்பிட்டாள். அது கீர்த்தனை ராகம் இல்லை. ஏலச்செடிகளுக்குள் பனி இறங்கி ஒருவருக்கொருவர் முகம் தெரியாமல் போகும்போது, பறிக்கிற பெண்கள் போடும் கூவல்.

கூவல் ஓய்ந்து மௌனம் தொடங்கியது. தொடங்கியதோடு சரி. எங்கள் முன்வரிசையிலிருந்து, காய் பறிக்கும் கற்பகம் "ஓ" என்று பதில் குரல் கொடுத்தாள். அடுத்துப் பாண்டியம்மாள், பிறகு பறிக்கும் பெண்கள் அத்தனை பேரும். மலையில் கூவல் காதில் விழுந்தால் யாரும் சும்மா இருக்கக் கூடாது. கூப்பிட்டது யார் என்றுகூடப் பார்ப்பதில்லை. பாவிகள், கெடுத்துவிட்டார்களே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஷெர்லின் திரும்பினாள். "அக்கா, யாரு பதில் குடுக்கச் சொன்னா?"

கற்பகம் வரிசையை விட்டு இறங்கிப் போய் அவள் கையைப் பிடித்தாள்.

"நீ கூப்பிட்டவுக பதில் சொல்வாகளா மாட்டாகளா, எங்களுக்குத் தெரியாது ஆத்தா. ஆனா ஒருத்தி கூப்பிட்டா நாங்க குரல் குடுக்கணும். இல்லேன்னா பனிக்குள்ள நீ எந்தப் பக்கம்னு திரும்பி வருவே?"

ஷெர்லின் பீடத்துப் படியில் அப்படியே உட்கார்ந்தாள். கூடவே உட்கார்ந்த கற்பகத்தின் மடியில் முகத்தைப் புதைத்து, சாம் போனபின் முதன்முறையாக வாய்விட்டு அழுதாள். சபையில் ஒருவரும் எழுந்து போகவில்லை. நாலாம் பகுதியை அன்றைக்கு நாங்கள் பாடவில்லை.