அழுக்காகாத கான்வாஸ் ஷூ

எங்கள் பள்ளி ஆபீஸ் அறையின் கண்ணாடி அலமாரியில், கோப்பைகளுக்கு நடுவே ஒரு ஜோடி வெள்ளைக் கான்வாஸ் ஷூ இருந்தது. பந்தயத்தன்று மட்டும் வெளியே வரும். மற்ற நாளெல்லாம் பூட்டு. யார் காலுக்கும் அளவெடுத்து வாங்கியதல்ல அது, அலமாரிக்கு வாங்கியது. இதைச் சிரித்துக்கொண்டே சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை.

என் பெரியப்பா மகளைத்தான் அக்கா என்கிறேன். திருப்பாச்சூரிலிருந்து திருவள்ளூர் பள்ளிக்கூடத்துக்கு இருவரும் சேர்ந்து நடப்போம். நடப்போம் என்று சொல்வது என்னைப் பற்றித்தான். வழியில் போகிற மாட்டு வண்டியை முந்தாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. ஜில்லாப் போட்டியில் நூறு கஜ ஓட்டத்தில் முதலாவதாக வந்தால் மதராசில் டிரில் டீச்சர் படிப்புக்கு இடம் வாங்கித் தருவதாக ஹெட்மிஸ்ட்ரஸ் சொல்லியிருந்தார். பெரியப்பாவும் ஒத்துக்கொண்டார். "ஜெயிச்சா போ. தோத்துட்டா தையில கல்யாணம். அப்பால மூஞ்சத் தூக்கி வச்சிக்கினு நிக்கக் கூடாது" என்றார்.

போட்டிக்கு ஆறு வாரம் இருந்தபோது மைதானத்தில் பெண்கள் ஓடக் கூடாது என்று உத்தரவு வந்தது. கடைத்தெரு ஆட்கள் சுவரில் சாய்ந்து வேடிக்கை பார்த்தார்களாம். சுவரை இரண்டடி உயர்த்தியிருக்கலாம், பார்த்தவர்களை விரட்டியிருக்கலாம். குற்றம் செய்யாத எங்களைப் பிரார்த்தனை மண்டபத்துக்குள் தள்ளினார்கள். சிமெண்டுத் தரை, வெறுங்கால். இருபது கஜம் ஓடினால் சுவர் வந்துவிடும். வலது காலை ஊன்றிச் சடாரென்று திரும்ப வேண்டும், மறுபடி ஓட வேண்டும். முதல் வாரம் பத்து நடை, அடுத்த வாரம் முப்பது, அதற்கடுத்த வாரம் ஐம்பது. ஷூ கேட்டதற்கு ஹெட்மிஸ்ட்ரஸ், "பிராக்டிசுக்கு எதுக்கும்மா ஷூ? அழுக்காயிடுமே!" என்றார்.

வீட்டிலோ பெரியம்மா, நல்ல வரன் அமைய வேண்டுமென்று அக்காவை வாரத்துக்கு இரண்டு நாள் விரதம் இருக்கவைத்திருந்தாள். அக்கா கன்னம் ஒட்டிப்போனாள். மூன்று மாதமாகத் தூரமும் வரவில்லை. என்னிடம் மட்டும் சொன்னாள், சந்தோஷமாக: "நல்லதாப் போச்சுடி. மாசாமாசம் மூணு நாளு மூலையில குந்திக்கினு இருந்தா யாரு ஓடறது?" அதற்கும் பின்னால் அவள் காலுக்கு வந்ததற்கும் சம்பந்தம் உண்டா என்று எந்தப் புத்தகத்திலும் இதுவரை நான் படிக்கவில்லை. உண்டென்றே என் மனசு சொல்கிறது.

வலி வந்தது. இரண்டாம் விரலுக்குப் பின்னால், பாதத்தின் மேல், ஒரு காலணா அளவு இடத்தில். "ஓடினா குத்துது, குந்தினா போயிடுது. இது இன்னா வலிடி, சோம்பேறி வலி!" என்று சிரித்தாள். அடுத்த வாரம் நடந்தாலே குத்தியது. ஹெட்மிஸ்ட்ரசிடம் சொன்னதற்கு, "ஓட ஓடச் சரியாயிடும், ஓடு" என்றார். சுளுக்கு என்று பெரியம்மா ஆள் கூட்டிவந்தாள். அந்த அம்மாள் விளக்கெண்ணெய் தடவி, கட்டைவிரலால் அதே இடத்தை அழுத்தி அழுத்தி வழித்தாள். அக்கா தலையணையைக் கடித்துக்கொண்டாள். அவள் காலைப் பிடித்துக்கொண்டிருந்தது நான். உடைந்துகொண்டிருந்த எலும்பை எட்டு நாள் வழித்தோம்.

போட்டியன்று அலமாரி திறந்தது. ஷூ அரை அங்குலம் சின்னது. பாதத்தைத் திணித்து, நாடாவை ஹெட்மிஸ்ட்ரசே இறுக்கிக் கட்டினார். அறுபது கஜம் வரை அவள்தான் முன்னால். பிறகு யாரோ பிடித்து இழுத்ததுபோல் விழுந்தாள். ஓடி வந்த ஹெட்மிஸ்ட்ரஸ் சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது: "மொதல்ல ஷூவக் கழட்டுங்க, கிழிஞ்சிடப்போவுது!"

மதராஸ் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். "இது விழுந்ததால உடைஞ்சது இல்லை. ரொம்ப நாளா விரிசல் விட்டுக்கிட்டே வந்திருக்கு. பட்டாளத்துல கல்லு ரோட்டுல ஓயாம நடக்கிறவங்களுக்கு வரும். பள்ளிக்கூடத்துப் பொண்ணுக்கு எப்படி வந்தது?" என்று டாக்டர் கேட்டார். பெரியப்பா, "அவ தலையெழுத்து சார்" என்றார். தலையெழுத்தாம்! சிமெண்டைப் பூசியது யார்? பூட்டைப் போட்டது யார்? வலிக்கிறது என்று சொன்னவளை ஓடு என்றது யார்?

தை மாதம் கல்யாணம் நடந்தது. கோணலாகக் கூடிய காலோடு மணையில் உட்கார்ந்தாள். இப்போது ஆரணியில் இருக்கிறாள். போன மாதம் போயிருந்தேன். கன்றுக்குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. அக்கா எழுந்தாள், இரண்டடி வைத்தாள், நின்றுவிட்டாள். "நீ போய்ப் புடிடி, டீச்சரம்மா" என்றாள்.

ஆமாம், அவள் படிக்க இருந்த படிப்பை நான்தான் படித்தேன். அதே பள்ளியில் இந்த ஜூனில் வேலைக்குச் சேர்ந்தேன். அதே ஹெட்மிஸ்ட்ரஸ், அதே சுவர், அதே அலமாரி, அதே ஷூ; பால்போல் வெளுப்பாக. சாவியை வாங்கித் திறந்தேன். ஒன்பதாம் வகுப்பில் ஒருத்திக்குச் சரியாக இருந்தது. எல்லோரையும் மைதானத்து மண்ணுக்குக் கூட்டிப்போனேன். சுவரில் சாய்கிறவர்களின் காதோரமாகப் போய் விசில் ஊதுகிறேன், கலைந்துவிடுகிறார்கள். இவ்வளவுதானே செய்ய வேண்டியிருந்தது!

நேற்று எனக்கு மெமோ வந்தது. அலமாரியிலிருந்த கான்வாஸ் ஷூ செம்மண் கறையோடு காணப்படுவதற்கு எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டுமாம். தாளின் அடியில், "ஓடினோம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.