பாதி மலையில் திரும்பியவர்

மாட்டுத்தாவணியில் பஸ்ஸுக்கு நின்றபோது ஆபீஸ் நண்பன் முருகன் செல்போனில் கூப்பிட்டான். "துளசிராம் அண்ணே போயிட்டாருடா." என் முதல் கேள்வி, "மலையிலயா?" "இல்ல மாப்ள, வீட்டுல. நெஞ்சுவலி." வந்த பஸ்ஸில் நான் ஏறவில்லை.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். மதுரையில் நெசவுக் குடும்பத்தில் பிறந்த சௌராஷ்டிரர். செல்போன் டவர் போடும் கம்பெனியில் என் சீனியர். டவரில் ஏறுமுன் பாதுகாப்பு பெல்ட்டின் கொக்கியை இழுத்துப் பார்ப்பார்; பிறகு மறுபடியும் இழுத்துப் பார்ப்பார். டிப்ளமோ முடித்த வேகத்தில் இருந்த எனக்கு அது வெட்டி வேலையாகத் தெரிந்தது.

டவருக்கு இடம் பார்க்கும் வேலை சிறுமலைக் காடு வரை போனது. காட்டில் மாட்டிக்கொண்டால் சமாளிக்க, புதியவர்களுக்கான பயிற்சி ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சேரும்படி எங்கள் இருவரிடமும் கம்பெனியில் சொன்னார்கள்.

முதலில் கே.கே. நகரில் ஒரு மாடியறை. சுவர் முழுக்கப் பாம்பு பிடித்த போட்டோக்கள். பயிற்சியாளர் பேசப் பேச எனக்குப் பிடித்துவிட்டது. துளசிராம் அண்ணன் ஒன்றே ஒன்று கேட்டார்: "பயந்துபோய் ஒருத்தன் பாதியில திரும்பணும்னா யாரு கூட்டிட்டு வருவா?"

"அந்த மாதிரி ஆளுங்க சேரவே வேண்டாம் சார்." சிரித்தார் பயிற்சியாளர்.

அண்ணன் எழுந்துவிட்டார். தெருவில் நான் கத்தினேன். "இம்புட்டு பயம் இருந்தா எதுக்குண்ணே காட்டுக்குப் போகணும்?"

"பயம் இல்லாதவனுக்கு எதுக்குடா கிளாஸு?"

அடுத்தது அலங்காநல்லூர்ப் பக்கம் ஒரு தோப்பில் முகாம் நடத்திய பெண்மணி. அவரிடமும் அதே கேள்வி. "நான்தான் கூட்டிட்டு வருவேன். வேற வழியில்லைன்னா மொத்தப் பேரும் திரும்புவோம்" என்றார். அங்கேயே சேர்ந்தோம். தண்ணீர் தேடுவது, தார்ப்பாய் கட்டி ஒதுங்குவது, ஈரச் சுள்ளியில் தீ மூட்டுவது என்று எல்லாம் அடிப்படை. நான் சலித்துக்கொண்டேன்.

கடைசி நாள் மலையேற்றம். பாதி வழியில் மேகம் இறங்கியது. முன்னால் போனவரின் முதுகு தெரியவில்லை. பக்கத்துப் புதரில் கனமாக ஏதோ அசைந்தது, மூச்சுவிட்டது. "காட்டுமாடு" என்று யாரோ முனகினார்கள். எனக்குக் கால் பெயரவில்லை. அத்தனை பேர் முன்னால் வாய்விட்டுச் சொல்லவும் முடியவில்லை. அண்ணன் என் முகத்தைப் பார்த்தார்.

"மேடம், எனக்குப் பயமா இருக்கு. திரும்பிரலாம்."

அவர் ஏன் என்று கேட்கவில்லை. எல்லோரும் இறங்கினோம்.

ஆபீஸில் அண்ணனுக்கு 'பாதிமலை' என்று பெயர் வைத்தார்கள். "பயந்தது நான்யா" என்று எத்தனையோ தடவை சொன்னேன். "விடுங்கப்பா, பய எனக்கு முட்டுக் கொடுக்குறான்" என்று அவரே கெடுத்துவிடுவார். கடைசி வரை ஒருவரும் என்னை நம்பவில்லை.

தத்தனேரி மயானத்தில் உறவினர்கள் சௌராஷ்டிர மொழியில் சொல்லி அழுதுகொண்டிருந்தார்கள். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. நான் பின்னாலேயே நின்றேன். அவருடைய தம்பி வந்து தமிழில் கேட்டார்: "கடைசியா முகம் பாக்கலையா தம்பி?"

"எனக்குப் பயமா இருக்குண்ணே" என்றேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன். ஆபீஸ் ஆட்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை.

தம்பி என் தோளில் கை போட்டு முன்னால் அழைத்துப் போனார். முகத்தைப் பார்த்தேன்.

வாரேண்ணே.