முளைத்ததா என்று போய்ப் பார்த்தவர்

எஸ்தர் அக்காவின் குரல் வரவேண்டிய காலை நேரத்தில், நம் சபையின் வாட்ஸ்அப் குழுவில் போதகர் ஐயாவின் எழுத்து வந்தது. அக்கா டெங்கு காய்ச்சலோடு தஞ்சாவூர் மருத்துவமனையில் இருந்தார். காய்ச்சல் தணிந்துவிட்டது, திங்கட்கிழமை மறுபடியும் பேசுவேன் என்று சொல்லி அனுப்பியிருந்தார். திங்கட்கிழமைதான் அது. அம்மா தோசைக்கல்லின் முன் நின்றிருந்தார். "எஸ்தர் பேசலயாடி? என்னமோ எழுத்தா வந்திருக்கே, படிச்சுச் சொல்லு" என்றார். படித்தேன்.

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "என் பொண்ணு போயிட்டாளே!" என்று அழுதார். பெற்ற பெண் நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். அந்த நேரத்திலும் எனக்கு அக்காவின் மேல் பொறாமைதான் முதலில் வந்தது. அழுகை அதற்குப் பிறகுதான். இதை மறைத்துவிட்டு எழுதினால் அவரை அறிந்த உங்களுக்கு இது பொய்யாகத் தெரியும். பொறாமை இல்லாமல் இருந்திருந்தால் நான் அவரை இவ்வளவு உற்றுப் பார்த்திருக்கவும் மாட்டேன்.

அக்கா நம் ஊருக்கு வந்தது சாமியைப் பற்றிப் பேச அல்ல, நெல் விதை விற்க. கீழ்வேளூரைச் சுற்றியுள்ள ஊர்களுக்கெல்லாம் ஒரு விதைக் கம்பெனியின் விற்பனையாளராக ஸ்கூட்டரில் போய் வருவார். வெயிலுக்காகச் சேலைக்கு மேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை. ஞாயிறுகளில் கடைசி பெஞ்சில் உட்காருவார். ஆராதனையில் ஆள் குறைந்துகொண்டே போகிறது, அறுவடைப் பண்டிகைக்கு இன்னும் பெரிய ஒலிபெருக்கி கட்டலாமா என்று ஒரு ஞாயிறு பேச்சு வந்தது. அன்றுதான் அவர் முதல்முதலாக வாயைத் திறந்தார்.

"போன கிறிஸ்துமஸுக்கு வெளியிலேருந்து நெறைய பேர் வந்தாங்கல்ல? அவங்க இப்ப எங்க ஐயா?"

அக்காவே தொடர்ந்தார்.

"விதையை வித்துட்டு வீட்ல போய்த் தூங்குனா அடுத்த பட்டத்துக்கு என்கிட்ட யாரும் வாங்க மாட்டாங்க. முளைச்சிருக்கான்னு வயல்ல போய்ப் பாக்கணும். முளைக்கலன்னா திட்டு வாங்கணும். அதுதான் எங்க வேலையில பாதி."

சபைச் செயலர் ஞானமுத்து மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "இது கோயிலாம்மா, விதைக்கடையா?"

"கடையே தேவலாம் மாமா. ஆள் வரலன்னா கடைக்காரன் ஏன்னு கேப்பான்."

எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் நூலகத்தில் உள்ள பாதிப் புத்தகங்களைப் படித்தவள். பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியவள். அப்படி ஒரு பதில் எனக்கு ஒருநாளும் நாக்கில் வந்ததில்லை.

கோயில் வாசலில் உள்ள கரும்பலகை என் பொறுப்பில் இருந்தது உங்களுக்குத் தெரியும். எட்டாம் வகுப்பிலிருந்து வாரந்தோறும் வண்ணச் சுண்ணக்கட்டியால் ஒரு வசனம் எழுதி, அதன் கீழே நானே விளக்கமும் எழுதுவேன். ஒரு சாயங்காலம் அக்கா என்னை எதிரில் இருந்த புங்க மரத்தடிக்கு அழைத்துப் போனார். "நம்ம சரக்கை யார் பாக்குறாங்கன்னு நின்னு பாப்போம் வா."

நாகப்பட்டினம் பேருந்துகள் போயின. பள்ளிப் பிள்ளைகள் போனார்கள். ஓர் ஆடு மட்டும் பலகையில் முதுகைத் தேய்த்துக்கொண்டது. கடைசியில் ஒருவர் வண்டியை நிறுத்தி உற்றுப் பார்த்தார். நான் அக்காவின் கையைக் கிள்ளினேன். வண்டியில் வந்தவர் எங்கள் பக்கம் திரும்பினார். "ஏம்மா, வாய்க்கால்ல எப்ப தண்ணி விடுறாங்கன்னு எதாவது போட்டிருக்கா இதுல?"

"இல்லங்க" என்றேன்.

"பின்ன என்னதான் எழுதியிருக்கு?" என்றவர் பதிலுக்குக் காத்திருக்காமல் போய்விட்டார். அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். "பாருடி, தேடித்தான் வந்தாரு. அவருக்கு வேண்டியது நம்மகிட்ட இல்ல."

அடுத்த வாரம் வாட்ஸ்அப் குழுவில் அக்காவின் காலைக் குரல் செய்தி தொடங்கியது. மதகு திறக்கும் லஸ்கரிடம் கேட்டு முதலில் தண்ணீர் நிலவரம். பிறகு மழை, கொள்முதல் நிலையம் திறக்கும் நாள். முடிவில் ஒரே மூச்சில் ஒரு வசனம், அதற்கு வீட்டில் பேசுவது போல ஒரு வரி. உரக்கடை ஹமீது பாய் ஒருநாள் கேலி செய்தார். "வசனத்தை முதல்ல வெச்சா நான் அமத்திடுவேன்னுதானே தண்ணியை முன்னாடி விடுற?"

"இல்ல பாய். கடைசியா கேட்டதுதான் மனசுல நிக்கும். வேணாம்னா தண்ணியோட அமத்திடுங்க, கோவிச்சுக்க மாட்டேன்."

"கெட்டிக்காரிம்மா நீ. நான் முழுசா கேட்டுத் தொலைக்கிறேன்."

கொஞ்ச நாளில் டீக்கடையிலும் நடவு வயலிலும் அந்தக் குரல் கேட்டது. என் அம்மாவும் அடுப்பைத் தணித்துவிட்டுக் கேட்டார். என் பலகையை அம்மா ஒருநாளும் படித்ததில்லை. அந்த யோசனை பிறந்ததே என் பலகையின் முன்னால்தானே என்று நான் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நினைப்பேன்.

குழு பெரிதானதும் மாமாவுக்கு ஆசை வந்தது. "உன் ஃபோன்ல விதை வாங்குற ஜனங்க நம்பர் பூரா இருக்குமே. எல்லாரையும் சேத்துவிடேன்."

"அது விதைக்குக் குடுத்த நம்பர் மாமா. சாமிக்குக் குடுக்கல."

சேரச் சம்மதித்தவர்களை மட்டுமே கடைசி வரை சேர்த்தார். முதல் முறை கேட்டு மறுத்தவரிடம் மறுபடி கேட்டதும் இல்லை.

அவர் செய்த தவறையும் சொல்ல வேண்டும். போன சம்பா நடவின்போது, செவ்வாய்க்கிழமை வாய்க்கால் முடியும் கடைமடை வயல்களுக்கு முறைத் தண்ணீர் வருகிறது என்று சொல்லிவிட்டார். அதை நம்பி ஆள் வைத்து நாற்றுப் பறித்தார்கள். தண்ணீர் வரவில்லை. "லஸ்கர் அண்ணன் அநேகமா வரும்னுதான் சொன்னாரு. நான்தான் அநேகமாவை விட்டுட்டேன். விக்கிற இடத்துல அநேகமான்னு சொல்லக் கூடாதுன்னு பழகிப்போச்சு" என்றார். குரலில் மன்னிப்புக் கேட்டு அனுப்பிவிடலாம் என்றேன். "மன்னிப்பை ஃபார்வர்டு பண்ண முடியாதுடி" என்று ஸ்கூட்டரை எடுத்தார். நானும் ஏறிக்கொண்டேன்.

வீடு வீடாகப் போனோம். செல்லம்மா அத்தை வரப்பில் வைத்தே பிடித்துக்கொண்டார். "முடி முடியா நாத்து வாடிக் கெடக்கு பாரு! உன் குரலைக் கேட்டுத்தானடி ஆளைக் கூப்பிட்டேன்! என் வீட்டுக்காரர் சொல்றதைக்கூட நான் நம்புறதில்ல, உன்னை நம்புனேன்!"

அக்கா சேற்றில் இறங்கி நின்று அத்தனையையும் வாங்கிக்கொண்டார். திட்டி முடிந்ததும், அவரும் அத்தையும் கட்டுக் கட்டாகக் கிடந்த நாற்று முடிகளைக் குட்டையில் கொண்டுபோய் நனைத்து வைத்தார்கள். நான் வரப்பிலேயே நின்றேன். என் பலகையை நம்பி யாரும் ஏமாந்ததில்லை. ஏனென்றால் அதை யாரும் நம்பியதே இல்லை. அவர் வாங்கிய பாராட்டுகளைவிட, அன்று அவர் வாங்கிய அந்தத் திட்டின் மேல்தான் எனக்கு மிகுந்த பொறாமை வந்தது. ஒரு மனிதருடைய சொல் இன்னொருவர் வயல்வரை போய்ச் சேர்வதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

அடக்கத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் அதற்கு முன் நம் கோயிலுக்குள் நுழையாதவர்கள். ஹமீது பாய் வாசலிலேயே நின்று சொன்னார்: "எதை அனுப்புறதா இருந்தாலும் எனக்குத்தான் மொதல்ல போட்டுக் காட்டும் அந்தப் புள்ள."

செல்லம்மா அத்தை மூக்கைச் சிந்திக்கொண்டே தகராறுக்கு வந்தார். "என்ன பாய் சொல்றீங்க? நாத்து வாடுன அன்னியிலேருந்து என்கிட்டல்ல மொதல்ல போட்டுக் காட்டும்?"

 ஒவ்வொரு காலைச் செய்திக்கும் முந்தின சாயங்காலமே பதிவை எனக்கு அனுப்பி, "தமிழ் டீச்சரம்மா, தப்பு இருக்கா?" என்று கேட்பார் அக்கா. அந்த மரியாதை இந்த ஊரிலேயே எனக்கு ஒருத்திக்குத்தான் என்று நம்பியிருந்தேன். அதுவரை அவர்மேல் பொறாமைப்பட்டவள், அன்று அவருக்காக எல்லோர்மேலும் பொறாமைப்பட்டேன். எத்தனை பேரை அவர் முதல் ஆளாக வைத்திருந்திருக்கிறார்!

இப்போது காலைச் செய்தியைப் பேசும் வேலையைப் போதகர் ஐயா என்னிடம் கொடுத்திருக்கிறார். முதல் நாள், அழகாக எழுதிவைத்துக்கொண்டு ஒரு பிழையும் இல்லாமல் பேசி அனுப்பினேன். அம்மா கடைசி வரை கேட்டார்.

"எப்படிம்மா?"

"நல்லாத்தான் படிக்கிற. எஸ்தர் பேசுவா."

என்னை மகிழ்விக்க வேண்டும் என்று அம்மாவுக்குத் தோன்றவே இல்லை. அக்கா இருந்திருந்தால் அதற்கும் சிரித்திருப்பார்.

அவருடைய குரல் உங்கள் கைப்பேசிகளில் இருக்கிறது. அவர் உங்கள் வாசலுக்கு வந்த நாள் உங்கள் ஒவ்வொருவரிடமும் இருக்கிறது. துக்கத்தையும் பங்கு போட்டுக்கொள்ள நீங்கள் எல்லோரும் வந்துவிட்டீர்கள். பொறாமையைக் கேட்டு மட்டும் யாரும் வரவில்லை. அதனால் அதை முழுசாக நானே வைத்துக்கொள்கிறேன். காலையில் பேசத் தொடங்கும் முன் எழுதிய தாளை மடித்து என்னைவிட்டுத் தள்ளி வைக்கச் சொல்வது அதுதான். தாள் இல்லாமல் தடுமாறித் தடுமாறித்தான் பேசுகிறேன். கேட்டுவிட்டு, முளைத்ததா என்று எனக்குச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் நானே உங்கள் வீட்டுக்கு வந்து கேட்பேன்.