ராவிய முன்பல்

செங்கம் ரோட்டில் நான் பல் கிளினிக் திறந்து ஓராண்டுகூட ஆகவில்லை. ஊருக்குப் புதிது, நோயாளிகளைத் தவிர என்னிடம் பேச ஆளில்லை.

கல்யாண பேண்டில் டிரம்பெட் வாசிக்கும் ஒருவர் ஈறு வலி என்று வந்தார். அவருடைய முன்பல் ஒன்று சற்று நீண்டிருந்தது. பார்க்க அழகாக இருக்கட்டுமே என்று, அவரைக் கேட்காமலே அதை ராவிச் சமமாக்கிவிட்டேன்.

நான்காம் நாள் டிரம்பெட்டோடு வந்து நின்றார்.

"டாக்டரம்மா, சத்தமே வர மாட்டேங்குது. காத்து பக்கவாட்டுல ஓடிடுது."

"இருபது வருஷமா வாசிக்கிறீங்க. திறமை எங்க போயிடும்? பழகிடும்" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "திறமை உள்ளேதாங்க இருக்குது. உதடு பல்லு மேல சரியா உக்காந்தாதான் அது வெளிய வரும்."

ஊதிக் காட்டினார். வெறும் காற்றுதான் சீறியது. முகம் சிவக்க, கண்கள் கலங்க, மறுபடியும் ஊதினார். அப்போதுதான் நான் செய்தது எனக்குப் புரிந்தது.

அன்று மதியம் முழுக்க நான் ராவிய பல்லின் நுனியில் பல் சிமெண்ட் வைத்து நீட்டி அளவுக்குத் தேய்ப்பதும், அவர் ஊதிப் பார்ப்பதுமாக இருந்தோம். கடைசியில் சத்தம் வந்தது. உச்ச சுரங்கள் மட்டும் வரவில்லை.

"பரவால்லைங்க. மேல வாசிக்க வேற ஆளு இருக்காங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

இப்போது யாரையும் வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன்னால், என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்கிறேன். தெருவில் கல்யாண ஊர்வலம் போனால் ஜன்னலோரம் நின்று, உச்சத்தில் ஒலிக்கும் டிரம்பெட்டுக்கு அடியில் அவருடையதைத் தேடுகிறேன். இதுவரை பிரித்தறிய முடிந்ததில்லை.