ராஜநாயகத்தை ஃபாதர் என்று சொல்லாத பூசை

அடக்கப் பூசைக்கு முன்னால் நோரா பீடத்தின் பின்னால் சாமியார் உடுப்பு மாற்றும் சக்ரீஸ்து அறைக்குப் போய்ப் பங்குச்சாமியாரிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "பிரசங்கத்துல, என் வீட்டுக்காரர் பத்தொன்பது வருஷம் குருவா இருந்ததையும் சொல்லுங்க ஃபாதர்."

அங்கி மாட்டிக்கொண்டிருந்த அந்த இளைஞர் சங்கடப்பட்டார். "வேணாம் ஆன்ட்டி. ஜனங்களுக்குக் குழப்பமா இருக்கும். நல்ல கணக்கு வாத்தியார்னு சொல்றேன், போதாதா?"

நோரா திரும்பி வந்து முன்பெஞ்சில் உட்கார்ந்தாள்.

ராஜநாயகம் பட்டினப்பாக்கம் கடலோரத்தில் சாமியாராக இருந்தவர். காற்று கிளம்பிய நாட்களில் கடைசிப் படகு கரை ஏறும்வரை மணலிலேயே நிற்பார். கோயிலில் பாட்டு சொல்லிக்கொடுத்த நோராவின் மேல் ஆசை வந்தபோது அதை ஒளித்துவைக்கவில்லை. ரோமுக்கு எழுதிப்போட்டு, குருப்பட்டத்திலிருந்து விடுவிப்பு வரும்வரை வருடக்கணக்கில் காத்திருந்தார். கல்யாணம் ஒரு விடிகாலையில், மணி அடிக்காமல் நடந்தது. அவருடைய அம்மா அதன்பின் அவரோடு பேசாமலே செத்துப்போனாள்.

பிறகு தி. நகர் டுடோரியலில் கணக்கு வாத்தியார். ஞாயிறு தோறும் பூசையில் கடைசிப் பெஞ்சு. சாமியார் அப்பத்தை உயர்த்தும்போது இவர் உதடுகளும் அசையும்; சத்தம் வராது. முப்பது வருடம் அதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள் நோரா.

ஒரு மதியம் லாசர் என்ற பட்டினப்பாக்கத்து மீனவன் அவர்களுடைய அடையாறு வீட்டு வாசலில் ஸ்கூட்டரோடு வந்து நின்றான். அவன் அப்பா சாகக்கிடந்தார். சாகிறவருக்குப் பாவமன்னிப்புக் கொடுக்க, விலகிய குருவுக்கும் உரிமை உண்டு. போய்விட்டு வந்த ராஜநாயகம் சாப்பாட்டு மேசையில் தலைகவிழ்ந்து அழுதார். "இன்னிக்கு நான் குருவா இருந்தேன் நோரா."

அவளால் அதற்குச் சந்தோஷப்பட முடியவில்லை.

இந்த வாரம் அவர் பக்கவாதம் வந்து விழுந்தார். சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்றார். நோரா போன் செய்தபோது பங்குச்சாமியார் பெருங்குடியில் ஏதோ கூட்டத்தில் இருந்தார். நெரிசலைத் தாண்டி அவர் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

பிரசங்கம் சொன்னபடியே கணக்கு வாத்தியாரோடு நின்றது. கல்லறையில் மண் போட்டுவிட்டு லாசர் அவளிடம் வந்தான்.

"இன்னாம்மா இது, ஃபாதர்னு ஒரு வார்த்த சொல்லலியே? எங்க நைனா இவரு கையப் புட்ச்சிக்கினு தாம்மா கண்ண மூட்னாரு."

"விடு லாசர்."

"எப்டிம்மா வுட்றது? கடசில உங்ககிட்ட எதுனா சொன்னாரா?"

"இல்லப்பா. தூங்கிட்டாரு."

பொய். சாமியார் வருவார் என்று வாசலையே பார்த்துக் கிடந்தவர், கடைசியில் அவள் பக்கம் திரும்பி, குழறிய நாக்கோடு, "நான் விட்டிருக்கக் கூடாது" என்றார். எதை என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார், பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

லாசர் ஆட்டோ பிடித்து அவளை ஏற்றிவிட்டான். எங்கே போகணும் என்று டிரைவர் இரண்டு தரம் கேட்டான். அடையாறு என்ற சொல் நோராவின் வாயிலிருந்து சட்டென்று வரவில்லை.