சுண்டல் காலி

“...கொரல மட்டும் வெச்சே புடிச்சிருவேன்க்கா, மூஞ்சே தேவயில்ல. ஆயிரம் பேரு ஒண்ணா பேசுனாலும் இந்தக் கொரல தனியா பிரிச்சு எடுத்துருவேன்” என்று சொல்லி, முன் இருக்கையிலிருந்து முழுக்கத் திரும்பி, கையிலிருந்த போனை என் காதுப் பக்கம் நீட்டினார் அந்த ரசிகர் மன்றக்காரர்.

போனில் பேசிக்கொண்டிருந்தது நான்.

திரையில் ஒரு மஞ்சள் பூனை வாயைத் திறந்து திறந்து மூடியது. அதன் வாயிலிருந்து என் குரல் வந்தது. “ஏம்மா, ஈரோ நடந்து வரான். வரான், வரான், வந்துகிட்டே இருக்கான். சரி, வர்ற வரைக்கும் ஒரு வாயி போடுவோம்னு டப்பாவத் தொறந்தேன். அவன் திரும்பி மூஞ்சக் காட்டறதுக்குள்ள சுண்டல் காலிம்மா!” அதன் பிறகு ஒரு சிரிப்பு. அதுவும் என்னுடையதுதான். கேட்பவர்கள் சிரிப்பதற்கு முன்னால் நான் சிரித்துவிடுவேன். சின்ன வயதிலிருந்து அப்படித்தான்.

கடலூரில் ஏறிய தனியார் பஸ் அது. முதுநகர் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. சிதம்பரத்தில் தங்கை வீட்டுக்குப் போய், அவளோடு மதியக் காட்சி ஒரு படம் பார்ப்பதாகத் திட்டம். மடியில் பை இருந்தது. பைக்குள் எவர்சில்வர் டப்பா. டப்பாவுக்குள் காலையில் தாளித்த கொண்டைக்கடலை சுண்டல்.

அந்தச் சுண்டல் கதையைச் சொல்லிவிடுகிறேன். எங்களுக்குப் படித்தவர்கள் மாதிரி அஞ்சுக்கு எத்தனை நட்சத்திரம் என்று போடத் தெரியாது. நான், என் தங்கை, பெண்ணாடத்து நாத்தனார், தேவனாம்பட்டினத்தில் மீன் விற்கும் என் சிநேகிதி, நாலு பேரும் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குரூப் வைத்திருந்தோம். யார் எந்தப் படம் பார்த்தாலும் அன்றைக்கே குரல் அனுப்பியாக வேண்டும். மார்க்கு சுண்டலில்தான். ஒரு தடவை நானும் தங்கையும் ஒரு படத்துக்குப் போய், கையில் டப்பா இருப்பதே மறந்து, மறுநாள் பையைத் திறந்தால் ஊசிப் போய்க் கிடந்தது. அன்றிலிருந்து எங்கள் குரூப்பில் ‘ஊசிப் போச்சு’ என்றால் முதல் மார்க்கு. ‘பாதி’ என்றால் ஒரு தடவை பார்க்கலாம். ‘காலி’ என்றால் தேறாது.

அந்தக் குரூப்பில் வந்த பேச்சை எல்லாம் யாராவது எழுதி வைத்திருக்க வேண்டும். மீன்கார சிநேகிதி ஒரு படத்தைப் பற்றி, “தல பெருசு, வாலு பெருசு, நடுவுல சதையே இல்லடி” என்றாள். வேறு பாஷையில் ஏற்கெனவே வந்த படத்தைத் தமிழில் எடுத்திருந்தார்கள், அதற்கு நாத்தனார், “ரெண்டு வாட்டி ஆட்டுன கரும்பு. சக்கைக்கு இன்னாத்துக்கு டிக்கெட்டு?” என்றாள். இவர்கள் முன்னால் என் பேச்சு ஒன்றுமேயில்லை. ஆனால் வெளியில் போனது என் பேச்சுதான். நாத்தனார் ஆசையாகத் தன் ஓர்ப்படிக்கு அனுப்பினாள். ஓர்ப்படி யாருக்கு அனுப்பினாளோ, எவர் அதை எடுத்துப் பூனை வாயில் ஒட்டினாரோ, பத்து நாளில் என் குரல் எனக்கு முன்னால் ஊரெல்லாம் போய் நின்றது. காய்கறிக் கடையில் கேட்டேன். டீக்கடையில் கேட்டேன். வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “வாயி வூட்டுக்குள்ள இருந்த வரிக்கும் செரி. இப்ப ஊரு சுத்துது. யாரு கேட்டாலும் நீ இல்லன்னு சொல்லு” என்றார்.

நடிகரின் பெயர் வேண்டாம். இந்தப் பக்கத்தில் அவருக்காகக் காவடி எடுக்கும் ஆட்கள் உண்டு. எங்கள் தெருவில் செல்போன் கடை வைத்திருந்தவர் அவருடைய முந்தைய படம் ஓடவில்லை என்று ஸ்டேட்டஸ் வைத்தார். மறுநாள் காலையில் கடைக்குக் கண்ணாடி இல்லை. செய்தது யார் என்று கடைசி வரைக்கும் தெரியவில்லை, அவரும் கேட்கவில்லை. வேறு கண்ணாடி போட்டுக்கொண்டார், ஸ்டேட்டஸ் வைப்பதை நிறுத்திக்கொண்டார். பஸ்ஸில் என் காதுப் பக்கம் போன் வந்தபோது எனக்கு அந்தக் கடைதான் கண்ணுக்குத் தெரிந்தது.

“கேட்டீங்களாக்கா? இன்னா வாயி பாருங்க இந்தம்மாவுக்கு” என்றார் மன்றக்காரர்.

நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம், அப்படி ஓர் ஆட்டு.

அந்த நேரம் பார்த்துக் கண்டக்டர் வந்தார். “எங்கம்மா?”

சிதம்பரம் என்ற ஒரு வார்த்தை. வாழ்நாளில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! வாய் வரைக்கும் வந்தது. முன் இருக்கையில் அந்த மனிதரின் காது, எனக்காகவே வளர்த்து வைத்த மாதிரி விடைத்து நின்றது. நான் கையால் நேராக முன்னே காட்டினேன்.

“அதான், முன்னாலதான் போவுது வண்டி. எங்க எறங்கணும்?”

தொண்டையைத் தொட்டுக் காட்டி, கையை விரித்தேன். கண்டக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு சத்தத்தைக் கூட்டிக்கொண்டார், பேச வராதவர்களுக்குக் காதும் கேட்காது என்பதுபோல. “ஆலப்பாக்கமா? புதுச்சத்திரமா? முட்லூரா?” ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டி, கடைசியில் சிதம்பரம் வந்தபோது அழுகை வருகிற மாதிரி இருந்தது.

“ஐயோ, தொண்ட கட்டிக்கிச்சாக்கா?” மன்றக்காரர் சட்டைப் பையில் துழாவி, காகிதம் சுற்றிய இருமல் மிட்டாய் ஒன்றை எடுத்தார். “வாயில அடக்கிக்கோங்க. வூட்டுக்குப் போயி மொளவு ரசம் வெச்சுக் குடிங்க. பேசாதீங்க, இன்னும் ஜாஸ்தியாயிரும்.”

நல்ல மனிதர்! அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. கெட்டவன் என்றால் திட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். இவர் கொடுத்த மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு, இவர் என்னைப் பற்றிச் சொல்வதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“கட் அவுட் வெச்சது நானு. பாலு ஊத்துனது நானு. இப்ப டீக்கடையில என்னப் பாத்தாலே ‘சுண்டல் காலி’ங்கறானுவ. அத வுடுங்க. எம் பொண்ணு, மூணாவது படிக்குது. வேல முடிச்சுப் போயி கதவத் தட்டுனா, தொறந்து மூஞ்சப் பாத்துட்டு ‘சுண்டல் காலி’ன்னு கத்திட்டு ஓடுது. அதுக்கு அவுங்க அம்மா சிரிக்கிறா. என் வூட்டுலயே எனக்கு மரியாத இல்லக்கா.”

அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கூட்டாளி, கூலிங் கிளாஸைத் தலைமேல் ஏற்றிக்கொண்டு திரும்பினார். “கையில மட்டும் கெடைக்கட்டும் மச்சான். ஒரு போனு போட்டா போதும். சிதம்பரம் ஸ்டாண்டுல நம்ம ஆளுங்க அம்பது பேரு வந்து நிப்பானுவ. மன்னிப்புக் கேக்க வெச்சு வீடியோ எடுத்துப் போட்ருவோம்.”

மடியிலிருந்த டப்பா பைக்குள் லேசாகச் சத்தம் போட்டது. இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தேன். பேசிப் பேசியே வாழ்ந்தவள் நான். மாமியாரிடம், ரேஷன் கடையில், ஆஸ்பத்திரி வரிசையில், எங்கே மாட்டினாலும் வாய்தான் என்னை வெளியே இழுத்து வந்திருக்கிறது. இப்போது அந்த வாயைத் திறந்தால்தான் ஆபத்து.

ஆலப்பாக்கத்தில் காற்று நின்றது. பஸ் நின்றதால் நின்ற காற்று. அடுத்த நிமிஷம் பெருங்காயமும் தேங்காயும் சேர்ந்து பைக்குள்ளிருந்து எழுந்து வந்தது.

கூட்டாளி மூக்கை உறிஞ்சினார். “சுண்டல் வாசன வரல?”

“உனக்கு எங்க போனாலும் அந்த வாசனதான்டா” என்றார் மன்றக்காரர். பஸ் கிளம்பியது. வெளியிலிருந்து வந்த காற்றுக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

என் பக்கத்தில் ஜன்னலோரமாக ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். சிதம்பரத்துக்குப் படிக்கப் போகிற பெண். மடியில் ரெக்கார்டு நோட்டு. அதுவரைக்கும் காதில் ஒயர் மாட்டியிருந்தாள். அதைக் கழற்றிவிட்டு, யாரும் கேட்காமலே சொன்னாள்: “அந்தம்மா சொன்னது நெசந்தானேண்ணா. நானும் பாத்தேன். இன்டர்வெல் வரிக்கும் நடந்துகினே இருக்காரு. பத்துக்கு மூணு குடுக்கலாம். அதுவும் பாட்டுக்காவ.”

எனக்குள் ஒரு பக்கம் சந்தோஷம், ஒரு பக்கம், வாயை மூடேன்டி தாயி என்று கெஞ்சல்.

“மூணா?” மன்றக்காரருக்குக் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். “அந்த ஃபைட்டுக்கே ஆறு குடுக்கலாமேம்மா. தண்ணிக்குள்ள ஒரு ஃபைட்டு பாத்தியா இல்லியா?”

“பாத்தேன். யாரு யார அடிக்கிறாங்கன்னே தெரியல.”

பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். கூட்டாளிக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. எழுந்து நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். “மச்சான், இன்னொருவாட்டி அதப் போடு.”

பூனை மறுபடியும் பேசியது. அவர் பெண்ணையும் போனையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். “கொரலு அப்படியே இல்ல? அந்த ‘காலி’ங்கற மாதிரியே இதுவும் ‘தெரியல’ன்னு இழுக்குது பாரு. மச்சான், இவதான்டா! நாம ஊரெல்லாம் தேடுறோம், பின்னாடி ஒக்காந்துனு மார்க்கு போடுறா!”

“நான் இல்லண்ணா.” பெண்ணின் குரல் இறங்கிவிட்டது.

“ஐடி கார்டு காட்டு. எந்தக் காலேஜி?” அவர் தன் போனை எடுத்து அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தார். “மூஞ்சக் காட்டு. குரூப்புல போடறேன். மத்தத பசங்க பாத்துக்குவானுவ.”

அந்தப் பெண் துப்பட்டாவை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். இன்னொரு கையால் என் முழங்கையைப் பிடித்தாள். பிடி ஜில்லென்று இருந்தது. “அக்கா, நான் இல்லக்கா. சொல்லுங்கக்கா” என்றாள், பேச வராத என்னிடம்.

கண்டக்டர் முன்னால் டிரைவரோடு பேசிக்கொண்டிருந்தார். பஸ் முழுக்க ஆள் இருந்தது, வாய் இல்லை. முட்லூரில் பஸ் நின்றது. இறங்கிவிடலாமா என்று ஒரு விநாடி நினைத்தேன். மறைக்காமல் சொல்கிறேன், கால் ஒரு அங்குலம் நகர்ந்தது. ஆனால் முழங்கையில் அந்தக் கை இருந்தது.

மிட்டாயை விழுங்கினேன். “தம்பி, அது நானு” என்றேன்.

அவ்வளவு நேரம் அடைத்து வைத்த தொண்டை, பயம் வேறு. கம்பியில் துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம்தான் வந்தது.

மன்றக்காரர் கையமர்த்தினார். “நீங்க சும்மா இருங்கக்கா. தொண்ட வேற செரியில்ல. இந்தப் பொண்ணுக்காவ சொல்றீங்க, தெரியுது. அந்தக் கொரலு எனக்குத் தெரியாதா? அது எப்படி இருக்கும்? மணியாட்டம் இருக்கும்.”

“இல்ல தம்பி, நெசமா நான்தான்.”

“அட வுடுங்கக்கா” என்றார் கூட்டாளி. போன் இன்னும் பெண்ணின் முகத்துக்கு நேராகவே இருந்தது.

ஒருவேளை அப்படியே விட்டிருந்தால் நான் தப்பித்திருப்பேன். சொன்னேன், நம்பவில்லை, என் மேல் என்ன குற்றம் என்று தங்கையிடம் சொல்லிச் சிரித்துக்கூட இருப்பேன். ஆனால் அந்தப் பெண் துப்பட்டாவுக்குள்ளே மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தது என் தோளில் தெரிந்தது.

பையைத் திறந்தேன். டப்பாவை வெளியே எடுத்து மடியில் வைத்தேன். மூடியைத் திறந்ததும் வாசனை பஸ்ஸின் பாதிக்குப் போனது. வயிற்றிலிருந்து மூச்சை இழுத்து, என் வீட்டுக் கூடத்தில் நின்று குரூப்புக்குப் பேசுகிற மாதிரியே, சத்தமாக:

“ஏம்மா, ஈரோ நடந்து வரான். வரான், வரான், வந்துகிட்டே இருக்கான்...”

சிரிப்பு மட்டும் வரவில்லை. மற்றதெல்லாம் வந்தது.

கூட்டாளி கையிலிருந்த போன் மெதுவாக இறங்கியது. பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பியது. மன்றக்காரர் டப்பாவைப் பார்த்தார், என் வாயைப் பார்த்தார், மறுபடியும் டப்பாவைப் பார்த்தார். நான் மடியில் கையைக் கோத்துக்கொண்டேன்.

“எனக்கு மிட்டாய் குடுக்கறப்பவே சொல்லியிருக்கணும் தம்பி” என்றேன். “பயமா இருந்திச்சி.”

மன்றக்காரர் முகத்தில் எதுவும் படிக்க முடியவில்லை. போனை எடுத்து எண்ணைத் தேடினார். “போடு மச்சான், அத்தினி பேரையும் ஸ்டாண்டுக்கு வரச் சொல்லு” என்றார் கூட்டாளி. வெள்ளாற்றுப் பாலத்தில் பஸ் ஏறியது. அந்தப் பெண் என் முழங்கையை விடவில்லை. போன் அடிக்கிற சத்தம் எனக்கே கேட்டது. ஒரு தடவை, இரண்டு தடவை. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“ஹலோ” என்றார் மன்றக்காரர். “நான்தான். பாப்பா கிட்ட குடு. அந்தச் சுண்டல் அம்மா பேசப்போறாங்கன்னு சொல்லு.”

ஸ்பீக்கரைப் போட்டார். எழுந்து, கம்பியைத் தாண்டிக் குனிந்து, போனை என் வாய்க்கு நேராகப் பிடித்தார்.